வாசக்கல்லிலிருந்து பிடித்த நூல்

சாயங்கால அஸர் தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்ததும் எல்லாரையும் போல முகத்தைத் தடவிக்கொண்டு முன்னால் பார்த்து உட்கார்ந்திருக்கலாம் சேகு மதார். இருந்தாரா? இல்லையே. தான் போட்ட தரையில் முதன்முதலாக மனுஷர் நின்று தொழுதிருக்கிறார்கள், அந்த அழகை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற அரிப்பு. தெருவில் ஒரு கல்யாணம். வெளியூர் ஆட்கள் வந்திறங்கியதில் பழைய ஹால் நிறைந்து, பின்னால் புதிதாகக் கட்டிச் சேர்த்த ஹாலிலும் ஒரு வரிசை நிற்க வேண்டியதாகிவிட்டது. பழைய ஹாலின் கடைசி வரிசையில் இருந்த மதார் கழுத்து சுளுக்குகிற அளவுக்குத் திரும்பினார். பளபளவென்று வெள்ளைக் கிரானைட். ஒவ்வொரு தொழுகை வரிசைக்கும், அதாவது ஒவ்வொரு ஸஃப்புக்கும், நாலு விரல் அகலத்தில் கறுப்புப் பட்டி. மாஷா அல்லாஹ் என்று முணுமுணுக்கப் போன வாய் பாதியில் நின்றுவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் தங்களுக்குள் ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் முன் வரிசைக்கும் அவர்களுக்கும் நடுவில் தெற்குக் கோடியில் தாராளமாக இடம் கிடந்தது, வடக்கே வர வர ஒடுங்கிக்கொண்டே வந்தது. அவசரத்தில் மடித்துப் போட்ட கைலி மாதிரி ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார். வயசு ஐம்பத்திரண்டு ஆகிறது, கண்ணில் புரை ஏதும் விழுந்திருக்கும் என்று கூட நினைத்தார். புரை விழுந்திருந்தால் எவ்வளவு நல்லது. ஆனால் முப்பது வருஷமாக மட்டம் பார்த்த கண்ணு, அது பொய் சொல்லாதே, சனியன்.

கூட்டம் கலையும்வரை துஆ ஓதுகிற மாதிரி கையை ஏந்தியே வைத்திருந்தார். என்ன ஓதினார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. கடைசி ஆள் வெளியேறியதும் இடுப்பிலிருந்து டேப்பை உருவிக்கொண்டு போய்க் குனிந்தார். தெற்கே, பழைய ஹாலின் கடைசிக் கோட்டிலிருந்து புது ஹாலின் முதல் பட்டிவரை நாலே முக்கால் அடி. வடக்கே ஓடினார், நாலு அடி. மறுபடி தெற்கே வந்தார், அதே நாலே முக்கால். டேப்பு பழசு, இழுத்து இழுத்து நீண்டுபோயிருக்கும் என்று சாணால் அளந்தார். சாணும் அதையேதான் சொன்னது. நாற்பதடி நீளத்துக்குள் ஒரு சாண் சாய்வு. முதல் ஸஃப்பு சாய்ந்தால் அதைப் பார்த்துப் போட்ட ஆறு ஸஃப்பும் சாய்வுதான், ஆடு போற வழிதானே குட்டியும் போகும். ஆறு வரிசையும் ஒன்றுக்கொன்று தலைமுடி பிசகாமல் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். இவ்வளவு சுத்தமாக ஒருத்தன் தப்புப் பண்ண முடியுமா? முடியும், நான் பண்ணிட்டேனே. எங்க பிடிச்சேன் அளவை? ஞாபகத்தைத் துழாவிக்கொண்டே தரையை மேலும் கீழும் பார்த்தார். கண்ணெதிரே கிடந்தது அந்த வாசக்கல். பழைய ஹாலுக்குப் பின் சுவர் இருந்த காலத்தில் கதவுக்குக் கீழே கிடந்த நீளக் கருங்கல். சுவரை இடித்த பிறகும் கல்லை மட்டும் தரையோடு விட்டு வைத்திருக்கிறார்கள். இந்தப் பள்ளிவாசலின் சுவரெல்லாம் தெருவை ஒட்டிக் கட்டினது, ஸஃப்பு மட்டும் மக்கா இருக்கிற கிப்லாத் திசையைப் பார்த்துப் போட்டது, அதனால் சுவருக்கும் ஸஃப்புக்கும் ஆகாது என்று இந்த மொகல்லாவில் பல்லு முளைக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும். இந்தப் பள்ளியில் எதை அளந்தாலும் ஸஃப்புக் கோட்டிலிருந்துதான் அளக்கணும், சுவரிலிருந்து அளக்கிறவன் வெளியூர்க்காரன். சேகு மதார் வெளியூர்க்காரனா? பிறந்து மூணாம் நாள் காதில் பாங்கு சொன்னது இந்தப் பள்ளி மோதினார்தான்.

போனை எடுத்தார். வேண்டாம் வேண்டாம் என்று மனசு சொல்ல, விரல் அதுபாட்டுக்கு அந்த வீடியோவைத் தேடிப் பிடித்தது. வேலை தொடங்கின அன்றைக்கு, போன வெள்ளிக்கிழமை, பள்ளி நிர்வாகம் பார்க்கிற முத்தவல்லி துராப்ஷாவின் மருமகன் எடுத்தது. "மதார் மாமா, பிஸ்மி சொல்லி நூலு அடிக்கதை எடுக்கேன், இங்கன பாருங்க, சிரிங்க." சிரிக்கிறார் மதார். முப்பத்திரண்டு பல்லும் தெரிய, புதுச் சட்டையோடு, எவனாவது தரை போட வரும்போது புதுச் சட்டை போடுவானா? இந்த வீடியோவை வீட்டில் ஏழு தடவை போட்டுக் காட்டியபோது அவர் பெண்டாட்டி மீராள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள், "அந்தப் போனு தேஞ்சு போவப் போவுது. நீங்க கல்லைப் பாக்கவே இல்லியே, போனைத்தானே பாக்கீங்க." அன்றைக்கு அது கிண்டலாகத் தெரிந்தது. இப்போது பார்த்தால் அவள் சொன்னதுதான் சரி. வீடியோவில் முகம் போனைப் பார்க்கிறது, கை தானாக டேப்பின் கொக்கியை வாசக்கல்லின் விளிம்பில் மாட்டுகிறது. தெற்கே ஒரு தடவை, வடக்கே ஒரு தடவை, இரண்டு தடவையும் சிரிப்பு. மூணு நாளாக ஊரே இதைப் பார்த்து மாஷா அல்லாஹ் போட்டுக்கொண்டிருக்கிறது. துபாயிலிருந்துகூட ஒருத்தன் கைதட்டுகிற படம் அனுப்பியிருந்தான். ஒருத்தன் கண்ணுக்காவது அந்தக் கொக்கி படவில்லையே. பட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பான், இந்த வெட்கக்கேடு இருந்திருக்காது. அட, இது நல்லா இருக்கே, தப்பு பண்ணுனது நீ, பாக்காதது அவன் குத்தமா?

யாருக்குத் தெரியும்? இந்தக் கேள்வி வந்தபோது மதாருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. நிஜமாகவே யாருக்குத் தெரியும்? வெள்ளிக்கிழமை திறப்பு விழாவுக்கு நல்ல தடி விரிப்பாக விரிக்கப் போகிறார்கள். கோடும் தெரியாது, கோணலும் தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாதுதான், ஒரு சாணை விரிப்புக்குக் கீழே மறைக்கலாமே. ஆனால் விரிப்பையும் கோட்டைப் பார்த்துத்தானே விரிப்பான். ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் தொழவைக்கிற ஹஜ்ரத் திரும்பி நின்று, ஸஃப்பை நேராக்குங்க, ஸஃப்பை நேராக்குங்க என்பார். ஜனங்கள் பாவம் குனிந்து பார்த்து, காலை என் கோணல்மேல் சரியாகக் கொண்டு வந்து வைப்பார்கள். ஒரு நாளைக்கு அஞ்சு தடவை, நான் மௌத்தான பிறகும் அஞ்சு தடவை.  இப்படித்தான் ஒரு தடவை, பாளையங்கோட்டையில் ஒரு வீட்டு அடுப்படியில், பிரிட்ஜ் வைக்கிற மூலையில் ஒரு கல்லைச் சாந்து நிரம்பாமல் ஒட்டிவிட்டார். தட்டினால் பொள்ளென்று சத்தம் வரும். யார் தட்டப் போகிறார்கள், மேலே பிரிட்ஜ் நிற்கும் என்று விட்டுவிட்டு வந்து, ராத்திரி புரண்டு புரண்டு, அந்த வீட்டுக்காரர் வழியில் எதிர்ப்படும்போதெல்லாம் பிரிட்ஜை நகர்த்தியிருப்பாரோ என்று அவர் முகத்தையே படித்து, கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்க் கதவைத் தட்டி மாற்றிக்கொடுத்த பிறகுதான் சோறு இறங்கியது. அது ஒரு கல். இது ஆறு ஸஃப்பு. அங்கே வீட்டுக்காரர் பிரிட்ஜை நகர்த்தினால்தான் தெரியும், இந்த வீட்டுக்காரனுக்கு எதையும் நகர்த்த வேண்டியதில்லை. ஆனாலும் சொன்னால் ஊர் சும்மா விடுமா? பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்து வாசலில் சைக்கிளிலிருந்து விழுந்த ஹமீது பேரன் எடுத்த பிறகும் சைக்கிள் ஹமீதுதான். மேஸ்திரி மதார் என்கிற பேர் போய்க் கோணல் மதார் என்று ஆகும். பேரன்மாரைக்கூடக் கோணல் வீட்டுப் பிள்ளை என்பான். யா அல்லாஹ், என்னை இந்தத் தெருவில் தலைகுனிய வைக்காதே என்று கேட்கப் போனார். கேட்க வாய் வரவில்லை. என்ன முகத்தோடு கேட்பது?

"என்ன பாய், பேயறைஞ்ச மாதிரி நிக்கீரு?" கலவை போடுகிற சுடலைமுத்து, கையெல்லாம் சிமெண்டோடு வாசலில் நின்றிருந்தான். இருபது வருஷமாக மதார் கூடவே வேலை பார்க்கிறவன். "சுடல, அன்னைக்கு அளவை எங்கேருந்து எடுத்தோம்?" "வாசக்கல்லுலேருந்து. நீருதானவே புடிச்சீரு." "பாத்துக்கிட்டுத்தானே இருந்தே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" "நல்லாருக்கே கத! நீரு தொழுகுத இடம், நீரு புடிக்கீரு, எனக்கு என்னவே தெரியும் உம்ம சாமி எந்தக் கோணத்துல இருக்காருன்னு?" மதாருக்கு அழுகை வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. விஷயத்தைச் சொன்னதும் சுடலைமுத்து குத்தவைத்து உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு கறுப்புப் பட்டியைப் பார்த்தான்.  பிறகு ஓரக் கல்லை நகத்தால் கீறிச் சொன்னான், "மொத ஸஃப்பு போட்டு நாலு நாளுதான் ஆவுது. மெலிஞ்ச கலவைதான் விரிச்சிருக்கு. இன்னைக்கு நெம்புனா கல்லு முழுசா வரும், ஒண்ணு ரெண்டுதான் உடையும். வெள்ளிக்கிழமை கழிச்சு நெம்புனீருன்னா மாவாத்தான் வரும், சொல்லிட்டேன்." சொல்லிவிட்டு அவன்பாட்டுக்குக் கையைக் கழுவப் போய்விட்டான். அட பாவி, யோசிக்கக் கொஞ்சம் நேரம் குடுப்பேன்னு பாத்தா வாசலையும் சாத்திட்டுப் போறியே.

நேரம் போய்க்கொண்டிருந்தது. மேற்கு ஜன்னல் வழியாக விழுந்த வெயில் முதல் பட்டியைத் தாண்டி இரண்டாவதுக்கு வந்துவிட்டது. வெயிலும் கோட்டுக்கு ஒத்துவரவில்லை, அதற்கும் இன்றைக்குத்தான் புத்தி வந்ததாக்கும். மதார் நடுத்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன்னைத்தானே விசாரிக்கத் தொடங்கினார். இந்த வேலையை எதுக்குடா எடுத்தே? அல்லாஹ்வுக்காக. கூலி வேண்டாம், இது என் பங்கு, நான் மண்ணுக்குள்ளே போன பிறகும் ஒருத்தர் இந்தத் தரையில் நெற்றியை வைத்தால் அந்த நன்மை எனக்கு வந்து சேரட்டும் என்று ஜமாஅத்தின் முன்னால் சொன்னேன். ஜமாஅத்தின் முன்னால் ஏன் சொன்னே? முத்தவல்லி காதோடு சொல்லியிருக்கலாமே? சரி, அதை விடு. வெள்ளிக்கிழமை பொன்னாடை போர்த்தப் போகிறார்கள் என்றதும் வேண்டாம் என்று எத்தனை தடவை சொன்னே? ஒரு தடவை. எவ்வளவு சத்தமா? யாருக்கும் கேட்காத மாதிரி. பிறகு எதுக்குடா அல்லாஹ்வுக்கு, அல்லாஹ்வுக்குன்னு பீத்திக்கிடுதே? பாதி அவனுக்கு, பாதி போனுக்கு. இருக்கட்டும், இப்பக் கேட்கிறேன், இந்தப் பொன்னாடையைப் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போனா மீராள் முகத்தைப் பார்ப்பியா? பார்க்க முடியாது. அவள் ஒன்றும் கேட்க மாட்டாள். கேட்காமலே வெங்காயம் உரிப்பாள், அதைவிடப் பெரிய தண்டனை உண்டா? வலது தோளில் உட்கார்ந்து நன்மையை எழுதுகிற மலக்கு ஆறு ஸஃப்பு என்று எழுத வந்தவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என்னப்பா, எழுதவா வேண்டாமா என்று காத்துக்கொண்டிருக்கிற மாதிரி ஒரு குறுகுறுப்பு தோளிலேயே இருந்தது. எழுதாதீங்க, கொஞ்சம் பொறுங்க என்று வாய்விட்டே சொல்லிவிட்டார் மதார். அதைச் சொன்ன கையோடு எழுந்தார்.

முத்தவல்லி துராப்ஷாவும் ஹஜ்ரத்தும் கைகால் கழுவி உளுச் செய்கிற ஹவுளுத் தொட்டிக்குப் பக்கத்தில் திறப்பு விழா நோட்டீஸை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். துராப்ஷா எப்போதும்போல முறுமுறுவென்று கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. தெருவில் நடந்தால் தூசி கூட யோசித்துத்தான் கிளம்பும், அப்படி ஒரு சுத்தம். மதார் சுற்றி வளைக்கவில்லை. "ஸஃப்பு கோணிப் போச்சு. ஆறும். தப்பு என்னோடது. வாசக்கல்லுலேருந்து அளந்துட்டேன்." துராப்ஷாவுக்கு முதலில் பிடிபடவில்லை, பிடிபட்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "எவ்வளவு கோணல்?" "ஒரு சாணு." "நாப்பதடிக்கு ஒரு சாணா? போரும்வே, வேலையத்துப் போயி! நோட்டீஸு அடிச்சாச்சு, அஞ்சு ஊரு ஜமாஅத்துக்குச் சொல்லியாச்சு. நீரு வாயைத் தொறக்காம இருந்தா எவனுக்குத் தெரியும்?" ஹஜ்ரத் தாடியைத் தடவிக்கொண்டு மெதுவாகச் சொன்னார், அவர் வடக்கேயிருந்து வந்தவர், பேச்சில் நிதானம் உண்டு. "மதார் பாய், மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க. கிப்லாவுடைய திசை இதனால மாறிடாது. இதுல நின்னு தொழுதா தொழுகை தாராளமா கூடும். ஒரு குறையும் இல்லை." மதாருக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. கூடும், ஹஜ்ரத்தே சொல்லிவிட்டார், ஓதிப் படித்தவர், கூடும் என்கிறார், இதற்குமேல் ஒரு கொத்தனார் என்ன பேசுவது? அல்ஹம்துலில்லாஹ், ஓடுடா வீட்டுக்கு, மீராளிடம் டீ போடச் சொல்லு. கால் திரும்பக்கூடச் செய்தது. திரும்பின கால் அங்கேயே நின்றது. இறங்கின மூட்டை எங்கே போனது என்று பார்த்தால் ரெண்டடி தள்ளி அவருக்காகவே காத்துக்கொண்டிருந்தது. தொழுகிறவர்களுக்குக் குறை இல்லை, சரி. எனக்கு? தொழுகிறவன் வேலை தொழுவது, அவன் அதைச் சரியாகச் செய்கிறான். என் வேலை நேராகப் போடுவது, அதை நான் செய்தேனா? "ஹஜ்ரத்," என்றார். குரல் அவருக்கே புதுசாக இருந்தது, இவ்வளவு சத்தமாக அவர் இந்தப் பள்ளியில் பேசியதில்லை. "தொழுகை கூடும். என் வேலை கூடாதே."

 ஹஜ்ரத் முகத்தில் ஏதோ மலர்ந்த மாதிரி இருந்தது, மதார் அதைப் பார்க்க நிற்கவில்லை. துராப்ஷா பின்னாலேயே வந்தார், "வே, நில்லும், வெள்ளிக்கிழமை தொறப்பு என்னத்துக்கு ஆவும்?" "அடுத்த வெள்ளியும் அல்லாஹ் கொண்டுவந்து தருவான் முதலாளி, நீங்க ஊருக்குச் சொல்லுங்க, கொத்தனாரு கோணலாப் போட்டுட்டான், பிரிச்சுப் போடுதான்னு எம் பேரைச் சொல்லியே சொல்லுங்க." சொல்லிக்கொண்டே நடந்த மதாருக்குள் ஏதோ கிளம்பிவிட்டது. என்னவென்று சொல்ல? ஆற்றில் முங்கி மூச்சு முட்டி மேலே வந்து வாயைத் திறக்கும்போது வருமே, அது. எந்தப் பேருக்குப் பயந்து செத்தாரோ அதைத் தானே எடுத்துத் தெருவில் போட்டாயிற்று. இனி எவன் கோணல் மதார் என்றால் என்ன? ஆமாய்யா, கோணல் மதார்தான், நானே கண்டுபிடித்தேன், நானே நிமிர்த்துகிறேன். சுடலைமுத்து கடப்பாரையோடு தயாராக நின்றான், இவர் முடிவு இதுதான் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? மதார் வாங்கி, தெற்கு மூலையில் முதல் கறுப்புப் பட்டியின் சந்தில் நுனியைக் கொடுத்தார். பிஸ்மில்லாஹ். இந்தத் தடவை முகம் கல்லைத்தான் பார்த்தது. ஒரு நெம்பு. வரவில்லை. மரக்கட்டையை அடியில் வைத்து இன்னொரு நெம்பு, உள்ளங்கையில் எரிச்சல், கீழே மெதுவாக மண் இளகுகிற சத்தம், பொத்தென்று கல் எழும்பியது. முழுசாக! ஒரு ஓரம்கூடப் பெயரவில்லை. "எழும்பிட்டுவே!" என்று சுடலைமுத்து கத்தினான். மதார் அல்லாஹு அக்பர் என்று சொன்னது அதற்குள் பழைய ஹாலில் வந்து குர்ஆன் ஓதத் தொடங்கியிருந்தவர்களை எல்லாம் எழுப்பி இங்கே கொண்டுவந்துவிட்டது.

என்ன, என்ன என்று கேட்டு வந்தவர்களுக்கு எல்லாம் மதார் ஒரே பதிலைச் சொன்னார், கோணலாப் போட்டுட்டேன். முதல் ஆளுக்குச் சொல்லும்போது நாக்கு தடித்தது. நாலாவது ஆளுக்கு மிட்டாய் கொடுக்கிற மாதிரி சொன்னார். ஒருத்தன் உச்சுக் கொட்டினான், ஒருத்தன் சிரித்தான், சிரித்தவனே கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கல்லின் மறுபக்கத்தைப் பிடித்தான். கல்யாண வீட்டுக்கு வந்திருந்த வெளியூர் மாப்பிள்ளைத் தோழன் ஒருத்தன், சென்ட் மணக்க, யார் வேலை எவன் வேலை என்று தெரியாமலே ஒரு கல்லைத் தூக்கிச் சுவரில் சாய்த்தான். மூணாவது கல் உடைந்தது. மதாருக்குப் பக்கென்றது, அடுத்த பத்து கல்லும் முழுசாக வந்தபோது அந்தப் பக்கும் போய்விட்டது. முதுகு கொதித்தது, முழங்கால் தேய்ந்தது, சட்டை நனைந்து ஒட்டியது, ஆனால் இந்தக் கைக்கு இவ்வளவு பலம் எங்கேயிருந்து வந்தது? போடும்போது தெரியாத சந்தோஷம் பெயர்க்கும்போது தெரிகிறதே, இது என்ன கூத்து. ஒவ்வொரு கல்லும் எழும்ப எழும்ப, எழுதுங்க, இப்ப எழுதுங்க என்று உள்ளுக்குள்ளே யாரோ துள்ளிக்கொண்டிருந்தார்கள். முதல் ஸஃப்பு முழுசும் பெயர்ந்து, அடியில் சாம்பல் நிறச் சாந்து மணலும் கட்டியுமாகக் கிடந்தபோது அந்தி மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். மதார் பழைய ஹாலின் கடைசிக் கோட்டில் டேப்பின் கொக்கியை மாட்டி, தெற்கே நாலடி, வடக்கே நாலடி, இரண்டு தடவை பார்த்து, மூணாவது தடவை சுடலைமுத்துவைப் பார்க்கச் சொல்லி, நூலை நீலத்தில் முக்கி இழுத்து அடித்தார். சாந்தின்மேல் நீலமாக ஒரு கோடு விழுந்தது. அப்பாடா! அது எவ்வளவு நேர்! 

கல்யாணக் கூட்டம் மறுபடி பழைய ஹாலை நிறைத்துவிட்டது. உளுச் செய்துவிட்டு மதார் வந்தபோது உள்ளே இடமில்லை. பின்னால் கிடந்தது அந்த மணலும் கட்டியும் மட்டும்தான், கல்யாணச் சட்டை போட்டவர்கள் அதைப் பார்த்துத் தயங்கித் தயங்கி நின்றார்கள். மதார் போய் நீலக் கோட்டில் குதிகாலை வைத்து நின்றார், தனியாக. பரவாயில்லை, தனியாகத்தானே கோணலாகப் போட்டோம். அப்போது பக்கத்தில் சரசரவென்று சத்தம். கஞ்சி போட்ட வேட்டி. முத்தவல்லி துராப்ஷா, முன் வரிசையில் அவருக்கென்று எப்போதும் கிடக்கிற இடத்தை விட்டுவிட்டு, கட்டியை மிதித்து நடந்து வந்து, மதாரின் தோளோடு தோள் ஒட்டி நின்றார்.  குனிந்து கோட்டைப் பார்த்தார், இடது காலை அரை விரல் பின்னால் இழுத்து, சரியாக வைத்துக்கொண்டார். அவருக்கு அப்பால் இன்னொருத்தர், அவருக்கு அப்பால் அந்தச் சென்ட் மணத்த வெளியூர்ப் பையன், ஹஜ்ரத் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கும்போது வடக்குக் கோடிவரை ஆள் நிறைந்துவிட்டது. சஜ்தாவுக்குப் போனபோது ஈரச் சாந்தும் மணலும் நெற்றியில் நறநறவென்று ஒட்டியது. பக்கத்தில் அந்த வெள்ளை வேட்டி முழங்காலோடு மண்ணில் அழுந்துகிற சத்தம் மதாருக்குக் கேட்டது. ஐந்து ஸஃப்பு இன்னும் பெயர்க்க வேண்டும், நாளைக்கு விடிந்ததும் தொடங்க வேண்டும், கை இப்போதே துடித்தது. ஸலாம் கொடுத்து முடித்ததும் யாரோ துண்டை நீட்டி, "நெத்தியைத் தொடைச்சிக்கிடும் மேஸ்திரி" என்றார்கள். "இருக்கட்டும்" என்றார் சேகு மதார். அந்த மண்ணோடுதான் வீட்டுக்குப் போனார்.